மாத்திரையில் ஒளிந்திருந்த ஐம்பது ரூபாய்

நான் கணக்கு எழுதுகிறவன். கால்நடை மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, பெங்களூரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரம்மாவின் வரவு செலவை ஏழு வருடமாகப் பார்த்து வருவது மட்டும்தான். எங்கள் வீட்டில் நாயும் கிடையாது, பூனையும் கிடையாது. 2025இல் அந்தக் கிளினிக்கில் நடந்ததை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றிவிட்டேன்.

நடந்தது

டாக்டர் நாமக்கல்லில் படித்தவர். கல்யாணமாகி இங்கே வந்தவர், அல்சூர் பக்கம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக் போட்டார். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள்: மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம். உதவிக்கு ஒரு பையன், ரிசப்ஷனில் ஒரு பெண், தடுப்பூசிக்கு ஒரு ஃபிரிட்ஜ், மருந்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. அவ்வளவுதான் கிளினிக்.

அந்த அலமாரிதான் எங்கள் இருவருக்கும் தலைவலி. ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் ஸ்டாக் எடுக்கும்போது, தேதி முடிந்த மருந்து ஒரு கறுப்புப் பை நிறையச் சேரும். பூனைக்கு வாங்கி வைத்த சொட்டு மருந்து, ஒரே ஒரு லாப்ரடாருக்காகத் தருவித்து அது போய்ச் சேர்ந்ததும் நின்றுவிட்ட வலிப்பு மாத்திரை, இப்படி. ஒரு வருடம் அந்தப் பையின் மதிப்பு ரூ.28,000ஐத் தாண்டியது. "என் லாபம் குப்பையில போகுது சார்" என்பார்.

2025 ஏப்ரலில் ஒரு ஆன்லைன் மருந்து நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். திட்டம் எளிமையானது. ஒரு டேப்லெட் தருவார்கள். டாக்டர் அதில் மருந்தைத் தட்டினால் போதும். நிறுவனத்தோடு இணைந்த உரிமம் பெற்ற மருந்துக்கடை மறுநாள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். அலமாரி வேண்டாம், குப்பைப் பை வேண்டாம். அதோடு, பில் தொகையில் மருந்துக்கு 12 சதவீதம், டானிக், சத்துப் பொடி வகைகளுக்கு 20 சதவீதம் மாதாமாதம் 7ஆம் தேதி டாக்டர் கணக்கில் வந்து விழும். ஒப்பந்தத்தில் அதற்குப் பெயர் 'ஆலோசனைக் கட்டணம்'. கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னார். பொதுவாக எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பெரியவர் வந்தார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷனில் வாழ்பவர். அவருடைய ஜூலி என்ற பொமரேனியனுக்கு ஒன்பது வயது, இதய வால்வில் கசிவு, ராத்திரியில் இருமல். சின்ன ஜாதி நாய்களுக்கு வயதானால் அடிக்கடி வருகிற நோய்தான். இதயத்துக்கு பிமோபென்டான், நுரையீரலில் நீர் கோக்காமல் இருக்க ஃபுரோசமைடு, இரண்டையும் சாகும் வரை கொடுக்க வேண்டும். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய மாத பில் இது: பிமோபென்டான் ரூ.1,980, ஃபுரோசமைடு ரூ.28, இதய டானிக் ரூ.640, ஒமேகா எண்ணெய் மாத்திரை ரூ.520, வயிற்றுக்கான பொடி ரூ.243, டெலிவரி ரூ.49. மொத்தம் 3,460.

பெரியவருடைய மகன் குயின்ஸ் ரோடு பக்கம் கால்நடை மருந்து விற்கும் ஒரு கடையில் விசாரித்திருக்கிறான். அதே பிமோபென்டானை எம்ஆர்பியில் தள்ளுபடி போட்டு ரூ.1,740க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு கேட்டிருக்கிறார்கள். சீட்டு இவர்களிடம் இல்லை. ரிசப்ஷனில் கேட்டால் "ஆப்புல இருக்கு அங்கிள்" என்ற பதில். ஆப்பில் இருந்த சீட்டை வேறு கடையில் காட்டும்படி எடுக்க வழியில்லை.

பெரியவர் கோபப்படவில்லை. நாயை மேசையிலிருந்து இறக்கிவிட்டு, மெதுவாகக் கேட்டாராம்: "டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. இதுல உங்களுக்கு ஏதாவது வருதா?"

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "வருது அங்கிள்" என்றிருக்கிறார். "எவ்வளவு?" என்று பெரியவர் கேட்கவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி பத்தரை மணிக்கு எனக்கு போன் வந்தது. "சார், நான் செய்யறது தப்பா, சட்டவிரோதமா, ரெண்டுமா?"

26ஏஎஸ் சொன்னது

நான் வக்கீல் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன். செப்டம்பர் 15க்குள் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டியிருந்ததால் அவருடைய 26ஏஎஸ் படிவத்தை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தேன். யார் யார் நமக்குப் பணம் கொடுத்து அதில் வரி பிடித்தார்கள் என்று வருமான வரித்துறை காட்டும் பட்டியல் அது.

ஒப்பந்தத்தில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று இருந்தது அல்லவா? அப்படியானால் தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடித்திருக்க வேண்டும். 26ஏஎஸ்ஸில் இருந்ததோ 194எச், 2 சதவீதம். 194எச் என்பது அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் கமிஷன், தரகுக்கான பிரிவு. நிறுவனத்தின் சட்டப் பிரிவு ஒப்பந்தத்தில் ஒரு பெயர் வைத்தது. கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் உண்மைப் பெயரிலேயே வரி பிடித்துவிட்டார். என் தொழிலில் இப்படி அடிக்கடி பார்க்கிறேன். வக்கீல் எழுதியதைக் கணக்குப்பிள்ளை காட்டிக்கொடுத்துவிடுவான்.

பெயர் மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனம் டாக்டர்களுக்குக் கொடுத்த பரிசுப் பொருள்களைத் தன் தொழில் செலவாகக் காட்டி வரிவிலக்குக் கேட்டது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. வாங்குவது டாக்டருக்குக் குற்றம் என்றால், கொடுப்பது மட்டும் எப்படி நியாயமான செலவாகும் என்பது அதன் சாரம். அதே வருட நிதிச் சட்டம் இதை வருமான வரிச் சட்டத்திலேயே எழுதி வைத்தது: பணம் வாங்குகிறவருடைய நடத்தை விதிகளை மீறி அவர் வாங்கும் பலன் எதுவும், கொடுக்கிறவருக்குச் செலவாகக் கழியாது. ஆக, 'கமிஷன்' என்ற சொல் நிறுவனத்தின் ஏட்டில் ஏறினால் அதற்கே ஆபத்து. அதனால்தான் ஒப்பந்தத்தில் அந்த அழகான பெயர்.

சட்டம் இடம் விட்டிருப்பது எங்கே

டாக்டர் மருந்து விற்றுக் காசு பார்ப்பதே தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஷெட்யூல் கே என்ற விலக்குப் பட்டியல், பதிவு பெற்ற மருத்துவர் தன் சொந்த நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துக்கு விற்பனை உரிமம் கேட்பதில்லை. திறந்த கடை வைக்கக் கூடாது, கவுன்டரில் வருகிறவர்களுக்கு விற்கக் கூடாது, வியாபாரி அளவுக்கு வாங்கி விற்கக் கூடாது என்பவை நிபந்தனை. அந்த விதிகளில் மருத்துவர் என்பதற்கான விளக்கத்தில் மாநில அரசு ஏற்ற தகுதியுள்ள கால்நடை மருத்துவரும் அடக்கம். 1948ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவும், மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தன் நோயாளிக்குத் தானே கொடுக்கும் மருத்துவருக்கு விலக்குத் தருகிறது. சென்னைத் தோல் மருத்துவர் ஒருவர் தன் இடத்தில் கொஞ்சம் களிம்பும் லோஷனும் வைத்திருந்ததற்காகப் போடப்பட்ட வழக்கை, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கைக் காட்டித்தான் ரத்து செய்தது.

ஆக, அந்தக் கண்ணாடி அலமாரி சட்டப்படி சரி. அதில் வைத்த லாபமும், எம்ஆர்பியைத் தாண்டாத வரை சரி.

ஏன் இந்த விலக்கு? யோசித்துப் பார்த்தேன். மருந்து டாக்டர் கையிலிருந்து நேராகப் போகிறது. உறையில் அவர் பெயர், அளவு. எதிரே நிற்கிறவருக்கு யார் விற்கிறார் என்று தெரியும், விலை அதிகம் என்றால் அந்த முகத்தைப் பார்த்தே கேட்கலாம். அவசரத்துக்கு உதவும் ஒரு சின்ன ஏற்பாடு. வேறொரு கடை விற்கும் மருந்தில் டாக்டருக்குப் பங்கு என்று வரும்போது இந்த விலக்கில் ஒட்டிக்கொள்ள இடமில்லை. அங்கே டாக்டர் மருந்து கொடுப்பவர் இல்லை, ஆளை அனுப்பிவைப்பவர். அனுப்பிவைத்ததற்கு வாங்குவதைத் தமிழில் தரகு என்றுதான் சொல்வோம்.

மனித மருத்துவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயாளியை அனுப்புவதற்கோ பரிந்துரைப்பதற்கோ கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் நேரடியாகத் தடுக்கின்றன. அவை கால்நடை மருத்துவர்களைக் கட்டுப்படுத்தாது. அவர்களுக்கு 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், அதன் கீழ் 1992இல் வந்த நடத்தை விதிகள் என்று தனி வழி. நிறுவனத்தின் பிரதிநிதி இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொண்டார்: "மேடம், அது மனுஷ டாக்டருக்கு, உங்களுக்கு இல்ல."

ஆனால் கதவு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மருந்தை விற்கிறவர் மருந்தாளுநர். இந்திய ஃபார்மசி மன்றம் அவர்களுக்கு வகுத்த ஒழுக்க நெறி, தன் கடையைப் பரிந்துரைப்பதற்காக மருத்துவருக்குக் கமிஷனோ வேறு ஆதாயமோ தரும் ரகசிய ஏற்பாடு எதிலும் மருந்தாளுநர் இறங்கக் கூடாது என்கிறது. டாக்டர் பக்கக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று வக்கீல்கள் வாதாடட்டும். கொடுப்பவர் பக்கக் கதவு சாத்தியிருக்கிறது.

ஆன்லைன் மருந்து விற்பனையே சட்டத்தில் இன்னும் அந்தரத்தில் இருக்கிறது என்பது தனிக் கதை. அதற்கான வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வந்தன, டில்லி உயர் நீதிமன்றம் அதே டிசம்பரில் உரிமமில்லாத ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டது. நம் நிறுவனம் உரிமமுள்ள கடை வழியாக அனுப்பியதால் அதற்குள் நான் போகவில்லை.

முன்கூட்டியே டிக் போட்ட கட்டம்

சட்டத்தைவிட என்னைத் தைத்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் உட்கார்ந்து, கார்பன் வைத்து எழுதிய பழைய சீட்டுப் புத்தகத்திலிருந்து பிப்ரவரி மாதத்துச் சீட்டு 40, ஆப்பிலிருந்து ஆகஸ்ட் மாதத்துச் சீட்டு 40 எடுத்தேன். டானிக், எண்ணெய், பொடி எத்தனை சீட்டில் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். பிப்ரவரியில் 11. ஆகஸ்டில் 26.

டாக்டர் நம்பவில்லை. திரும்ப அவரே எண்ணினார். பிறகு ஆகஸ்ட் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். மழைக்காலம், தோல் நோய் அதிகம், எண்ணெய் மாத்திரை தேவைதான் என்று ஒன்பது சீட்டுக்குக் காரணம் சொன்னார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மீதி பதினேழைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அப்புறம் டேப்லெட்டை எடுத்து ஒரு நோயின் பெயரைத் தட்டிக் காட்டினார். கீழே மருந்துப் பட்டியல் விரிந்தது. மருந்துகளுக்குப் பக்கத்தில் இருந்த கட்டங்கள் காலி. அதற்கும் கீழே 'துணைச் சத்துகள்' என்று மூன்று பொருள். அந்தக் கட்டங்களில் மட்டும் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. வேண்டாம் என்றால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வெளியே நாலு நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போது யார் எடுப்பார்கள்? ஜூலியின் இதய டானிக்கும் வயிற்றுப் பொடியும் அப்படி வந்தவைதான். 20 சதவீதம் எந்த வகைக்கு என்று நினைவிருக்கிறதல்லவா?

டாக்டர் காசுக்காக எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழு வருடமாக அவர் கணக்கைப் பார்க்கிறேன். தெருநாய்க்குப் பார்த்ததை எல்லாம் 'கட்டணம் இல்லை' என்று தனிப் பக்கத்தில் எழுதி வைக்கிற மனிதர் அவர். யாருமே முடிவெடுக்காமல் பதினேழு வீட்டில் தேவையில்லாத டானிக் போயிருக்கிறது. எடுத்திருக்க வேண்டிய டிக்கை எடுக்காமல் விட்டதற்கு மாதக் கடைசியில் காசும் வந்திருக்கிறது. இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமே அதுதான்.

வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதாதா என்று டாக்டர் கேட்டார். ரிசப்ஷனில் ஒரு போர்டு, 'இந்த மருந்து விற்பனையில் கிளினிக்குக்குப் பங்கு உண்டு' என்று. போதாது என்றேன். மூச்சு வாங்கும் நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் போர்டு படித்து என்ன செய்வார்? சீட்டைக் கையில் கொடுத்தால், அவர் படிக்காவிட்டாலும் கடைக்காரர் படிப்பார்.

டாக்டர் பக்கம்

ஆனால் அவர் பக்கத்திலும் பேச வேண்டியது நிறைய. அலமாரிக்குத் திரும்பிப் போவது வழியில்லை. தெருமுனை மெடிக்கலுக்கு அனுப்பலாம் என்றால், அங்கே கால்நடை மருந்து பாதி கிடைக்காது. கிடைக்கிற இடத்தில், "மனுஷனுக்குக் கொடுக்கறதுதான், நாய்க்கும் கொடுக்கலாம்" என்று வலி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. டைக்ளோஃபெனாக் 2006லும், ஆசெக்ளோஃபெனாக்கும் கீட்டோப்ரோஃபெனும் 2023லும் விலங்குகளுக்குத் தடையானது எத்தனை கடைக்காரருக்குத் தெரியும் என்று கேட்டார். அந்தத் தடைகள் பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்க வந்தவை, ஆனால் நாய் வயிற்றுக்கும் இந்த மாத்திரைகள் ஆகாது. மருந்தை வெளியே ஒப்படைப்பதே தவறு என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து சேரும் சரியான மருந்து பெரிய வசதி.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் பேச்சுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள். "பாத்தாங்க, ஊசி கூட போடல, நானூறு ரூபா" என்பார்கள். அதே ஆள் 1,400 ரூபாய் டானிக்கை மறுபேச்சு இல்லாமல் வாங்குவார். அரை மணி நேரம் இதயத்தைக் கேட்டு, எக்ஸ்ரே பார்த்து, இந்த நாய்க்கு எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்ட உழைப்புக்கு வர வேண்டிய பணம் கதவு வழியாக வராததால், சந்து வழியாக வந்துகொண்டிருந்தது.

இது இங்கே மட்டும் உள்ள வியாதி இல்லை. டென்மார்க் 1995இலேயே கால்நடை மருத்துவர் மருந்து விற்பனையில் எடுக்கும் லாபத்துக்கு வரம்பு கட்டியது. பண்ணை விலங்குகளுக்கு ஆன்டிபயாட்டிக் அளவுக்கு மீறிப் போகிறது என்ற கவலையில் செய்தது அது. பிரிட்டனில் செல்லப்பிராணி மருத்துவக் கட்டணம் 2016க்கும் 2023க்கும் இடையே 63 சதவீதம் ஏறியதாக அங்கே வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் கண்டறிந்தது. 2025 அக்டோபரில் அது வெளியிட்ட இடைக்கால முடிவில், வெளியே மருந்து வாங்கச் சீட்டு எழுதித் தருவதற்கு 16 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று முன்மொழிந்தது. அங்கே சீட்டுக்குக் காசு. இங்கே சீட்டே தருவதில்லை.

என்ன செய்தோம்

ஜூலை 7ஆம் தேதி அவருக்கு வந்த கமிஷன், வரி பிடிக்கும் முன் ரூ.18,640. எல்லா மாதமும் ஏறத்தாழ அவ்வளவுதான். கிளினிக்குக்கு மாதம் சராசரியாக 370 பேர் வருகிறார்கள். கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஒரு ஆளுக்கு ஐம்பது ரூபாய்.

"இந்த அம்பது ரூபாயைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தானா இவ்வளவும்?" என்றார்.

அக்டோபர் 1 முதல் கட்டணம் 400லிருந்து 450 ஆனது. சீட்டு இப்போது காகிதத்தில்: மருந்தின் மூலப்பெயர், அளவு, நாயின் எடை, வீட்டுக்காரர் பெயர், முகவரி, தேதி, கையெழுத்து. மருந்து விதிகள் ஒரு சீட்டில் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். அவசரத்துக்கும் முதல் மூன்று நாளுக்கும் மட்டும் அலமாரியில் பன்னிரண்டு மருந்து. நிறுவனத்திடம், டெலிவரி வசதி தொடரட்டும், என் பங்கை வாங்குகிறவருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். "அப்படி ஒரு ஆப்ஷன் சிஸ்டத்துல இல்ல மேடம்" என்றார்கள். சதவீதத்துக்குப் பதில் மாதம் ஒரு நிலையான தொகை தருகிறோம் என்று மறுபடி வந்தார்கள். அதற்கும் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எண்ணிக்கை குறைந்தால் அந்தத் தொகையும் குறையும் என்று ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் இருந்தது.

பத்துப் பதினைந்து பேர் வேறு கிளினிக்குக்குப் போனார்கள். பெரியவர் நவம்பரில் வந்தார். பில்லைப் பார்த்து, "இந்த அம்பது எதுக்கும்மா?" என்று கேட்டாராம். "முன்னாடி டானிக்குல இருந்துச்சு அங்கிள்" என்றிருக்கிறார் டாக்டர். பெரியவர் சிரித்துக்கொண்டே ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டியிருக்கிறார். ஜூலிக்கு இப்போது இரண்டு மாத்திரை மட்டும்தான், இருமல் பழையபடிதான் இருக்கிறது, கூடவுமில்லை குறையவுமில்லை.

ஒரு விஷயம் மட்டும் முடியவில்லை. செப்டம்பர் மாதப் பங்கு ரூ.9,212, ஒப்பந்தம் ரத்தான பிறகு அக்டோபர் 7ஆம் தேதி தானாக வந்து விழுந்தது. திருப்பி அனுப்ப மூன்று மெயில் போட்டோம். வாங்கிக்கொள்ளவும் அவர்கள் சிஸ்டத்தில் வழியில்லையாம். இப்போதைக்கு, எந்தத் தலைப்பிலும் சேராததை வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். மார்ச் 31க்குள் அதற்கு ஒரு தலைப்பு கண்டுபிடித்தாக வேண்டும்.